கல்லீரல் மாற்றுக்குப் பிறகு மீண்டும் குடிக்காமல் இருக்க வீட்டில் என்ன செய்யலாம்?

மாலைத்தென்றல்:

வணக்கம். என் கணவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. குடியால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) வந்து, வயிற்றில் நீர் கோத்து, கடைசியில் நினைவு குழம்பி எங்களையே அடையாளம் தெரியாத நிலைக்குப் போனவர். தானம் கொடுத்தது அவருடைய தம்பி. இருவரும் நலம். மாத்திரைகளை நேரத்துக்குப் போடுகிறார். எடை கூடியிருக்கிறது, முகத்தில் களை திரும்பியிருக்கிறது.

என் பயமே இனிமேல்தான். முதலில் வாரம் ஒருமுறை செக்கப் இருந்தது, பிறகு மாதம் ஒருமுறை, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்கிறார்கள். சீக்கிரமே வேலைக்கும் திரும்புகிறார். கூடச் சேர்ந்து குடித்த சகாக்கள் அங்கேதான் இருக்கிறார்கள். "சாவைப் பார்த்துட்டு வந்தவன் திரும்ப அதைத் தொடுவானா?" என்று வீட்டில் எல்லாரும் ஒரே பாட்டு. அவரும் அதையேதான் சொல்கிறார். நான் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கிவிடுகிறது.

காவல்காரி மாதிரி ஆகிவிடாமல் எப்படித் துணை நிற்பது? அனுபவப்பட்டவர்களும் இந்தத் துறையில் இருப்பவர்களும் சொல்லுங்கள்.

மறுநாள்காலை:

அக்கா, நானும் குடியால் கல்லீரலை இழந்து மாற்றுக் கல்லீரலோடு பல வருடமாக வாழ்பவன். உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. இப்போது அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

காரணம் இதுதான். ஈரல் கெட்டுப் படுக்கையில் கிடக்கும்போது குடிக்கும் ஆசையே வராது. குமட்டல், சோர்வு, குழப்பம் எல்லாம் சேர்ந்து அதை அமுக்கி வைத்திருக்கும். நாம் "விட்டுவிட்டோம்" என்று நினைத்துக்கொள்வோம். அறுவை முடிந்து பசி எடுத்து, தூக்கம் பழகி, கால் நடக்கத் தொடங்கி, கையில் கொஞ்சம் பணமும் நேரமும் வந்த பிறகுதான் அது மெல்லத் தலை காட்டும். புதிதாக வைத்தது கல்லீரலை மட்டும்தான். சாயங்காலம் ஆறு மணி ஆனால் எதைத் தேட வேண்டும் என்று கற்றுவைத்திருக்கும் மூளை பழையதேதான்.

பயம் நல்ல காவல். ஆனால் அது உடம்பு தேறத் தேறக் கரையும். அதற்குப் பதிலாக ஒன்றை உருவாக்கிக்கொள்ள இந்த மாதங்கள்தான் தோது. நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

வார்டுவிளக்கு:

மாற்று அறுவைப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், குடியால் மாற்று செய்துகொண்டவர்களில் சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கொஞ்சமாவது குடித்திருக்கிறார். ஏழில் ஒருவர் அளவுக்கு அதிகக் குடிக்கே திரும்பியிருக்கிறார். அதாவது பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. ஆனால் "யாரும் தொட மாட்டார்கள்" என்பதும் உண்மையில்லை.

யாருக்கு ஆபத்து கூடுதல்? முன்பே பலமுறை சிகிச்சை எடுத்தும் விட முடியாதவர், மனச்சோர்வோ பதற்றமோ உள்ளவர், வேறு போதைப் பழக்கம் இருப்பவர், புகைப்பவர், வீட்டில் துணை இல்லாதவர். இதில் பாதியை மாற்ற முடியும். அதனால்தான் சொல்கிறேன்.

திரும்பக் குடித்தால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை நேராகச் சொல்லிவிட வேண்டும். தொடர்ந்து அதிகமாகக் குடித்தவர்களுக்குப் புதிய ஈரலிலும் சிரோசிஸ் வருகிறது. முதல் ஈரல் கெடப் பல வருடம் எடுத்திருக்கும், இது சில வருடங்களிலேயே கெட்டுப்போகலாம். அதைவிட உடனடி ஆபத்து மாத்திரைகள். குடித்த நாளில் டாக்ரோலிமஸ், அதாவது உடம்பு புதிய ஈரலை எதிர்க்காமல் தடுக்கும் மாத்திரை, தவறும், மறுநாளும் தவறும், உடம்பு ஈரலை நிராகரிக்கத் தொடங்கிவிடும்.

தம்பிதான்கொடுத்தேன்:

நான் மறுபக்கம் இருப்பவன். உங்கள் கொழுந்தனாரைப் போலவே நானும் என் அண்ணனுக்குக் கொடுத்தேன். ஈரலில் பாதிக்கு மேல் எடுத்தார்கள். வளர்ந்துவிடும், வளர்ந்தும்விட்டது, சரி. ஆனால் வயிற்றில் அந்தத் தழும்பு இருக்கிறது. என் குழந்தைகள் கொஞ்ச நாள் என் மடியில் ஏற முடியவில்லை.

அதனால் "சறுக்கினால் பரவாயில்லை, எழுந்துகொள்ளலாம்" என்ற பேச்சை என்னால் கேட்கவே முடியவில்லை. ஒரு சொட்டு கூடக் கூடாது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டினால்தானே அறுவைக்கே எடுத்துக்கொண்டார்கள்? அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது?

வார்டுவிளக்கு:

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. கொடுத்தவர்களின் மனதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அவர்களுக்கும் தனியாக ஆலோசனை தேவை.

ஆனால் ஆறு மாதக் கணக்கு ஒருவர் வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டார் என்பதற்கான உத்தரவாதம் இல்லை. குடியை நிறுத்தினால் சிலருக்கு ஈரல் தானாகவே தேறிவிடும். அப்போது அறுவையே தேவைப்படாது. அதைப் பார்ப்பதும் அந்த விதியின் நோக்கங்களில் ஒன்று. பிறகு யார் திரும்பக் குடிப்பார் என்று கணிக்க அது மட்டும் போதாது என்று தெரியவந்தது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஆறு மாதம் காத்திருந்தால் பிழைக்க மாட்டார்கள் என்ற நிலையில் இருந்த 26 பேருக்குக் கவனமாகத் தேர்ந்தெடுத்து மாற்று செய்தார்கள். ஆறு மாதத்தில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அறுவை கிடைக்காத அதே மாதிரி நோயாளிகளில் 23 சதவீதம்தான். அந்த 26 பேரில் பிறகு குடித்தவர்கள் மூன்று பேர். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் இப்படி அவசரமாக மாற்று செய்த 147 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, மூன்று வருடத்துக்குள் 34 சதவீதம் பேர் ஒருமுறையாவது குடித்திருந்தார்கள். ஆனால் தொடர் குடிக்குப் போனவர்கள் 17 சதவீதம்.

அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பவர்களைத்தான் நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஒருமுறை தொட்டும், தொடர் குடிக்குள் விழாமல் நின்றவர்கள். எங்கள் வேலை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

மறுநாள்காலை:

தம்பி சொன்னதில் பாதி சரி. ஒரு சொட்டும் கூடாது, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. "கொஞ்சமாகக் குடித்துக்கொள்ளலாம்" என்பது நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது. அரை சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம் என்று விடப்பட்டிருக்கும் "ஆல்கஹால் இல்லாத பீர்" கூட வேண்டாம். அந்த வாசனையும் பாட்டில் திறக்கும் சத்தமும் போதும் மூளையைத் தட்டி எழுப்ப.

ஆனால் தொட்டுவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதை விளக்கினார். "ஒரு சொட்டும் தொட மாட்டேன்" என்று சபதம் எடுத்தவர் ஒருமுறை தொட்டுவிட்டால், குற்ற உணர்வு அவரை நிறுத்தாது. "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று இன்னும் உள்ளே தள்ளும். தம்பி கொடுத்த ஈரல், மனைவி விட்ட கண்ணீர், கடன் எல்லாம் அந்த நேரத்தில் ஒன்றாகச் சேர்ந்து அமுக்கும். அவர் மறைப்பார். மறைக்க ஆரம்பித்தால் செக்கப்பைத் தள்ளிப்போடுவார், போனை எடுக்க மாட்டார். முதல் கோப்பையை விட அந்த மறைப்புதான் ஆளைக் கொல்வது என்பது என் திடமான கருத்து.

எங்கள் குழுவில் ஒருவர் அறுவை முடிந்து இரண்டாவது வருடம் ஒரு சாவு வீட்டிலிருந்து வந்து குடித்துவிட்டார். அன்றிரவே அக்காவுக்குப் போன் செய்தார். அந்த அம்மா திட்டவே இல்லை. "மாத்திரை போட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். மறுநாள் இருவரும் மருத்துவமனைக்குப் போய்ச் சொன்னார்கள். ரத்தம் எடுத்தார்கள், மனநல மருத்துவரைப் பார்க்க வைத்தார்கள், செக்கப்பை நெருக்கமாக்கினார்கள். இன்று நன்றாக இருக்கிறார். அந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன்.

தம்பிதான்கொடுத்தேன்:

படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். என் அண்ணன் எனக்குப் போன் செய்வானா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். செய்ய மாட்டான். நான் கடைசி ஆளாகத்தான் இருப்பேன். அது என்னை உறுத்துகிறது.

நீர்க்கோடு:

குடிநோய் ஆலோசகராக இருக்கிறேன். தம்பி, நீங்கள்தான் அந்த முதல் போனை எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கொடுத்தவருக்கு அந்தச் சுமை வேண்டாம் என்பதே என் எண்ணம். மனைவிக்கும் வேண்டாம், முடிந்தால். குடும்பத்துக்குச் சற்று வெளியே, பதறாத ஒருவர் வேண்டும். சிலருக்கு அது ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் கிடைத்த மூத்தவர். 1935இல் குடியிலிருந்து மீண்ட இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்களும் இருக்கின்றன. மாலைத்தென்றல், அவர் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

வேலைக்குத் திரும்புவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்த நேரம், எந்த இடம், எந்த ஆள், எந்த மனநிலை அவரைக் குடிக்க இழுத்தது என்று அவருக்குத்தான் தெரியும். சம்பள நாளா, மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய நாளா, சும்மா இருக்கும் ஞாயிறா? சந்தோஷத்தில் குடித்தவர்களும் நிறைய இருக்கிறார்கள், அதை மறந்துவிடுவோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே "அப்போது என்ன செய்வேன்" என்று ஒரு வரி. பொதுவாக எழுதினால் பயன் இல்லை. "வேலை முடிந்ததும் வேறு வழியாக வருவேன், வரும்போது இன்னாருடன் போனில் பேசுவேன்" என்கிற அளவுக்கு வேண்டும்.

சகாக்களிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும். "எனக்கு ஈரல் மாற்றியிருக்கிறார்கள், நான் குடிப்பதில்லை." விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் வாதம் வரும், வாதத்தில் தோற்கலாம். விருந்துகளுக்கு முதல் வருடம் போகாமல் இருப்பதே மேல். போயே ஆக வேண்டும் என்றால் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் கிளம்ப வேண்டும், திரும்பி வரும் வண்டி அவர் கையில் இருக்க வேண்டும்.

ஆசை பொங்கும்போது அது நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் என்று தோன்றும். அப்படிப் போவதில்லை. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாக வடியும். அந்த அரை மணியைக் கடக்கப் பழகுவதே பாதிப் பயிற்சி. பசி, கோபம், தனிமை, அசதி நான்கும் அதை ஊதிப் பெருக்கும். அதனால் சாப்பாட்டு நேரத்தையும் தூக்கத்தையும் அலட்சியமாக விடாதீர்கள்.

மாலைத்தென்றல்:

எல்லாருக்கும் நன்றி. இதற்கு நடுவில் ஒன்று நடந்துவிட்டது. இந்த வார ரத்தப் பரிசோதனையில், ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடியும் ஜிஜிடியும் கூடியிருக்கின்றன. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் குளிக்கப் போனபோது பையைத் தேடினேன். ஒன்றும் இல்லை. அவர் கையும் கொஞ்ச நாளாக நடுங்குகிறது, இரவில் தூக்கம் இல்லை. கேட்கலாமா, வேண்டாமா?

வார்டுவிளக்கு:

முதலில் மருத்துவமனைக்கு இன்றே சொல்லுங்கள். அந்த எண்கள் கூடினால் குடி மட்டும் காரணம் இல்லை. நிராகரிப்பு, கிருமித்தொற்று, பித்தநாளச் சுருக்கம், மருந்து ஒவ்வாமை எதுவாகவும் இருக்கலாம். உயிருள்ளவரிடமிருந்து ஈரல் பெற்றவர்களுக்குப் பித்தநாளச் சுருக்கம் சற்று அதிகமாகவே வருகிறது. கை நடுக்கமும் தூக்கமின்மையும் டாக்ரோலிமஸ் கூடுதலாக இருந்தாலே வரும், ஸ்டீராய்டாலும் தூக்கம் கெடும். ஊகித்துக் குற்றம் சாட்டிவிட்டு அது பித்தநாளமாக இருந்தால், அந்தக் காயம் ஆறுவது கஷ்டம்.

குடித்தாரா என்று தெரிந்துகொள்ள அதற்கென்றே பரிசோதனை இருக்கிறது. பாஸ்ஃபாடிடைல் எத்தனால், பேச்சில் "பெத்" என்பார்கள். ரத்தச் சிவப்பணுக்களில் ஆல்கஹால் இருந்தால் மட்டுமே உருவாகும் பொருள் அது. கடைசியாகக் குடித்து இரண்டு முதல் நான்கு வாரம் வரை காட்டும், அதிகக் குடியென்றால் இன்னும் நீளும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் என்றால் குடிக்கவில்லை அல்லது மிகக் குறைவு, 200க்கு மேல் என்றால் அதிகக் குடி. சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடு பார்ப்பதும் உண்டு, ஆனால் அது சில நாட்கள்தான் தங்கும். ஆல்கஹால் உள்ள கைகழுவும் திரவத்தை அடிக்கடி பயன்படுத்தினாலும் கொஞ்சம் ஏறிக் குழப்பும். ரத்தம் ஏற்றியிருந்தால் "பெத்" கூடத் தவறாகக் காட்டலாம், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அவருக்குத் தெரியாமல் எடுக்கச் சொல்லாதீர்கள். அவரிடம் சொல்லி, சம்மதம் வாங்கி எடுக்க வேண்டும்.

மறுநாள்காலை:

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். எனக்கு அந்தப் பரிசோதனையை வழக்கமாக எடுக்கிறார்கள். முதலில் அவமானமாக இருந்தது. இப்போது அது என் சாட்சி. வீட்டில் யாராவது சந்தேகமாகப் பார்த்தால் நான் சத்தியம் செய்ய வேண்டியதில்லை, தாளைக் காட்டினால் போதும்.

தேடல்வழி:

என் அப்பா காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார், அதனால் படித்து வருகிறேன். ஆசையைக் குறைக்க மருந்து இருக்கிறதாமே? உறவினர் ஒருவர் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி வாங்கித் தருகிறேன் என்கிறார்.

வார்டுவிளக்கு:

பொடி வேண்டவே வேண்டாம். என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாது. குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் டைசல்பிராம் என்ற மருந்து அதில் இருந்தால், அதுவே ஈரலைக் கடுமையாகத் தாக்கக்கூடியது. மூலிகை என்று வருவனவும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். அதற்கும் மேலாக, தெரியாமல் கலந்து கொடுப்பது அவருக்கும் உங்களுக்கும் இடையே இருக்கும் நம்பிக்கையை அழித்துவிடும்.

முறையான மருந்துகள் உண்டு. பேக்லோஃபென் சிரோசிஸ் நோயாளிகளிடமே சோதிக்கப்பட்டு 2007இல் பலன் தெரிந்தது. ஆனால் மயக்கம் தரும், மூளைக் குழப்பம் இருப்பவர்களுக்கு ஆபத்து. அகாம்ப்ரோசேட் ஈரல் வழியாகச் செரிமானம் ஆவதில்லை. இரண்டும் சிறுநீரகம் வழியே வெளியேறுபவை, டாக்ரோலிமஸோ சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்துத்தான் அளவு. நால்ட்ரெக்ஸோன் எடுத்தால் சில வலி மருந்துகள் வேலை செய்யாது. மாற்று செய்தவர்களிடம் இவை பற்றிய ஆய்வுகள் குறைவு, எனவே மாற்றுக் குழுவும் மனநல மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

அப்படிச் சேர்ந்து வேலை செய்வதே பெரிய மருந்து. 2013இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், குடிநோய்ப் பிரிவு மாற்று மையத்துக்குள்ளேயே இருந்தபோது திரும்பக் குடித்தவர்கள் 16 சதவீதம், வெளியே மனநல மருத்துவரிடம் அனுப்பியபோது 35 சதவீதம். அப்பாவின் மருத்துவமனையில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். மூளைக் குழப்பத்தில் இருக்கும்போது கொடுத்த கவுன்சலிங் அவருக்கு ஞாபகம் இருக்காது, அறுவைக்குப் பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நீர்க்கோடு:

புகை பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. "குடியை விட்டாரே, சிகரெட்டாவது இருக்கட்டும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். குடியால் மாற்று செய்துகொண்டவர்களைப் பின்னாளில் கொல்வது பல நேரம் வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோயும் மாரடைப்பும்தான். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரையோடு சிகரெட் சேர்வது மோசமான கூட்டு. அப்புறம் தூக்க மாத்திரைகள். சிலவற்றுக்கு அடிமையாகும் தன்மை உண்டு, யாரிடமிருந்தும் கடன் வாங்கிப் போடக் கூடாது.

மாலைத்தென்றல்:

தகவல் சொல்ல வந்தேன். பித்தநாளத்தில்தான் சுருக்கம். எண்டோஸ்கோப்பி வழியாக, சுருங்கிய இடத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், எண்கள் இறங்கி வருகின்றன. டாக்ரோலிமஸும் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் அளவைக் குறைத்தார்கள். நடுக்கம் தணிந்திருக்கிறது.

"பெத்" பரிசோதனையை அவரே கேட்டு எடுத்தார். குடிக்கவில்லை என்று வந்தது. அன்று மாலை அவராகவே பேசினார். ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆனால் தவிப்பு வருகிறதாம். சொன்னால் நான் உடைந்துபோவேன், தம்பிக்குத் தெரிந்தால் அவன் என்ன நினைப்பான் என்று பயந்து விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அழவில்லை. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

தாளில் எழுதியிருக்கிறார். முதல் போன் அவருடைய பழைய ஆசிரியருக்கு, அவரிடம் நேரில் போய்ச் சொல்லிச் சம்மதமும் வாங்கிவிட்டார். என் பெயர் இரண்டாவது. குடித்துவிட்டாலும் மாத்திரையை விட மாட்டேன், மறுநாளே மருத்துவமனைக்குச் சொல்வேன் என்பது கடைசி வரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதை மாற்றி, வேலைக்குப் போகும் முதல் ஆறு மாதத்துக்கு மாதந்தோறும் பரிசோதனை வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறோம். மனநல மருத்துவரையும் பார்க்கப்போகிறோம்.

ஒரு சின்னக் கேள்வி. இருமல் வந்தால் சிரப் கொடுக்கலாமா? சிலவற்றில் ஆல்கஹால் இருக்கும் என்கிறார்களே.

வார்டுவிளக்கு:

ஆமாம், சில இருமல் சிரப், டானிக், வாய் கொப்பளிக்கும் திரவங்களில் இருக்கிறது. லேபிளைப் படித்து ஆல்கஹால் இல்லாததை வாங்குங்கள், வாங்கும் முன் எங்களைப் போன்ற ஒருங்கிணைப்பாளரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஆனால் இருமலோடு காய்ச்சல் இருந்தால் சிரப் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். எதிர்ப்பு சக்தி குறைந்தவர் என்பதால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தம்பிதான்கொடுத்தேன்:

அக்கா, உங்கள் கொழுந்தனாரிடம் என் நம்பரைக் கொடுக்க விரும்பினால் தனிச்செய்தி அனுப்புங்கள். கொடுத்தவர்கள் இரண்டு பேர் பேசிக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது.